வந்து போகிற மகள்

துர்க்கையை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு கராஜுக்குள். நீளமான மரப்பெட்டி ஒன்றின் மூடியைக் கழற்றி, உள்ளே திணித்திருந்த பழைய போர்வைகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். கடைசிப் போர்வைக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் ஒரு முகம். கண்கள் இரண்டும் காதுவரை நீண்டிருந்தன. பெட்டிக்கு ஒரு பக்கம் பனிக்கால டயர்கள், மறுபக்கம் புல்வெட்டும் மெஷின்.

நான் மன்னாரில் பிறந்தவள், கத்தோலிக்கப் பெண். அயலில் சைவர்கள் இருந்ததால் பிள்ளையாரையும் முருகனையும் சின்ன வயதிலேயே தெரியும். ஆனால் சிங்கத்தின் மேல் கால் வைத்து, பத்துக் கைகளோடு ஒரு அசுரனைக் குத்திக்கொண்டு நிற்கும் அம்மனை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. டென்மார்க்கின் வைலே நகரத்தில், ஒரு வங்காளி வீட்டு கராஜில் பார்ப்பேன் என்று நினைத்ததும் இல்லை.

அந்த வீட்டுக்காரி என்னோடு வேலை செய்தவர். நாங்கள் இருவரும் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. என்னைவிடச் சில வயது மூத்தவர் என்பதால் 'தீதி' என்று கூப்பிடுவேன். வங்காளத்தில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவருடைய கணவர் காற்றாலை செய்கிற கம்பனி ஒன்றில் எஞ்சினியர். அந்த வேலைக்காகத்தான் மகளைத் தூக்கிக்கொண்டு கல்கத்தாவிலிருந்து வந்தவர்கள். முறைப்படி அவரை நான் 'தாதா' என்று கூப்பிட வேண்டும். தமிழில் அந்தச் சொல்லுக்கு இப்போது என்ன அர்த்தம் என்று சொன்னபோது, கண்ணாடி போட்ட அந்த மெலிந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு அண்ணை.

எங்களுக்குள் பொதுவாக இருந்த மொழி டேனிஷ்தான். இரண்டு பேருமே அதைப் பிழையாகப் பேசுவோம். ஒரே மாதிரியான பிழைகள் என்பதால் நன்றாக விளங்கும். தீதி சொன்னவற்றை நான் பேசுகிற தமிழிலேயே எழுதுகிறேன்.

யூலாந்துப் பகுதி முழுக்கச் சிதறிக் கிடக்கும் கொஞ்ச வங்காளிக் குடும்பங்கள் சேர்ந்து ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு ஹாலை வாடகைக்கு எடுத்துத் துர்க்கா பூசை செய்வார்கள். கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்த பைபர் சிலை. வருடம் முழுவதும் தீதி வீட்டுக் கராஜில்தான் இருக்கும். வழக்கமாக அதை ஏற்றிப் போகிறவருக்கு அந்த வருடம் இடுப்புப் பிடித்துக்கொண்டது. தமிழர் விழாக்களுக்குக் கதிரையும் ஸ்பீக்கரும் ஏற்றுவதற்கு என் கணவர் ஒரு வான் வைத்திருந்தார். முதியோர் இல்லத்தில் ஒரு கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது தீதி கேட்டார்.

"நாங்கள் வேதக்காரர், தீதி. உங்கட தெய்வத்தை நாங்கள் தூக்கலாமோ?" என்றேன்.

"உங்கட வான் என்ன மதம்?" என்று கேட்டார் தீதி.

வீட்டில் வந்து சொன்னேன். என் கணவர் யோசிக்கவே இல்லை. "இது தூக்கிற வேலை. கும்பிடுற வேலை இல்லையே," என்றார்.

வானின் பின்பக்கம் பெட்டிக்குப் பக்கத்தில் நானும் தீதியும் உட்கார்ந்து போனோம். வளைவுகளில் பெட்டி நகராமல் கையால் பிடித்துக்கொண்டோம். வழியில்தான் கேட்டேன், இவ்வளவு பாடுபட்டு, இந்தக் குளிரில், வெளிநாட்டில் இதைச் செய்யத்தான் வேண்டுமா என்று.

"உங்களுக்குத் திருநாள் எண்டா நீங்கள் மாதாவிட்டப் போறீங்கள். எங்களுக்கு அப்பிடி இல்லை. இவ எங்களிட்ட வாறா," என்றார் தீதி. "இவ மலையரசன்ர மகள். சிவனைக் கட்டி, தூரத்தில, குளிருக்குள்ள, பனிமலையில இருக்கிறா. புருஷன் சாம்பலைப் பூசிக்கொண்டு திரியிற ஆள். வருசத்தில ஒருக்கா, நாலு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்கு வாறா. அஞ்சு நாள். பிறகு போயிடுவா. தாய்க்கு மற்ற நாளெல்லாம் இந்த அஞ்சு நாளைப் பற்றின நினைப்புத்தான்."

"ஆனா நீங்கள் இவவை 'மா' எண்டுதானே கூப்பிடுறீங்கள். அம்மா எண்டுதானே அர்த்தம்?"

"ஓம். மகளையும் நாங்கள் 'மா' எண்டுதான் கூப்பிடுவம்."

அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "சாப்பிட்டியா அம்மா, எங்கயம்மா போறாய்" என்று என் மகளைக் கேட்டுத்தான் நானும் வளர்த்தேன். எங்கள் மாதா மகனைப் பறிகொடுத்தவள். மடியில் மகனின் உடலை வைத்துக்கொண்டு இருப்பவள். அவளை நாங்கள் தாயாகவே பார்த்துப் பழகிவிட்டோம். இவர்கள் அம்மா என்று கூப்பிடுகிறவள் பிறந்த வீட்டுக்கு வந்து போகிற பிள்ளை. கும்பிடுகிறவர்கள்தான் அவளுக்குத் தாயும் தகப்பனும்.

ஹாலின் தரையில் ஹேண்ட்பால் கோடுகள் இருந்தன. கோல் கம்பங்களை ஓரமாகத் தள்ளி, வெள்ளைத் துணி கட்டி, அதன் முன்னால் அம்மனை நிறுத்தினார்கள். வங்காளத்தில் ஐந்து நாள் நடக்கிற பூசை இங்கே வெள்ளிக்கிழமை பின்னேரம் தொடங்கி ஞாயிறு மத்தியானம் முடிந்துவிடும். பஞ்சாங்கத்தின்படி அம்மன் சில வருடங்களில் அப்போது வந்தே இருக்கமாட்டாள், சில வருடங்களில் போயே இருப்பாள். "எங்களுக்கு லீவு கிடைக்கேக்கதான் அவவுக்கும் லீவு," என்றார் தீதி.

சமையலறையில் ஆட்டிறைச்சி கொதிக்கிற வாசம் வந்தபோது எனக்கு அதிர்ச்சி. அம்மன் திருவிழா என்றால் மரக்கறி என்றுதான் எனக்குத் தெரியும். அம்மனுக்குப் படைப்பது வேறு, அது மரக்கறிதான். இது நாங்கள் சாப்பிட என்று தீதி விளக்கினார். பிறகு, "மகள் வீட்டுக்கு வந்து நிக்கேக்க நாங்கள் மரக்கறி சாப்பிடுவமோ?" என்று கேட்டார்.

தீதியின் மகளை அன்றுதான் பார்த்தேன். ஒரே பிள்ளை. கோபன்ஹேகனில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தாள். தாய் வங்காளத்தில் கேட்டால் அவள் டேனிஷில் பதில் சொல்வாள், என் மகளைப் போலவே. ரயிலில் வந்து இறங்கி, ஹாலின் உடை மாற்றும் அறையில் சேலை கட்டிக்கொண்டு, ஊசி குத்தாத இடமெல்லாம் குத்துகிறது என்று கத்தினாள்.

மண் சட்டியில் தேங்காய்த் தும்பும் சாம்பிராணியும் போட்டுக் கொளுத்தி, அதைக் கையில் ஏந்தி அம்மனுக்கு முன்னால் ஆடுவது அவர்கள் வழக்கம். ஹாலைப் பார்த்துக்கொள்கிற டேனிஷ்காரர் கூரையில் இருந்த புகை மணியைக் காட்டி, அது அடித்தால் தீயணைப்பு வண்டி வந்துவிடும் என்று மரியாதையாகச் சொன்னார். எல்லோரும் கார் நிறுத்துமிடத்துக்குப் போனார்கள். ஒரு காரின் டிக்கியைத் திறந்து வைத்து மேளச் சத்தத்தைப் போட்டார்கள். சேலைக்கு மேலே தடித்த குளிர் ஜாக்கெட்டோடு அந்தப் பிள்ளை இரண்டு கையிலும் புகைச் சட்டி ஏந்தி ஆடினாள். காற்று புகையை அவள் முகத்திலேயே அடித்தது. இருமிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் ஆடினாள். தீதி வாய்க்குள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார். ஹால்காரர் தன் போனில் படம் பிடித்தார்.

ஞாயிறு மத்தியானம் வழியனுப்புதல். கல்யாணமான பெண்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக ஏணிப்படி போன்ற ஒரு சிறிய ஸ்டூலில் ஏறி, அம்மனின் முகத்தை வெற்றிலையால் துடைத்தார்கள். வெற்றிலை நான் தமிழ்க் கடையில் வாங்கிப் போனது. இனிப்பை அவள் வாயில் வைத்தார்கள். நெற்றியில் குங்குமம் இட்டார்கள். கடைசியில் காதுக்குள் மெதுவாக, திரும்ப வா என்று சொன்னார்கள். பிறகு ஒருவர் முகத்தில் மற்றவர் குங்குமம் அப்பினார்கள். சிரிப்பும் அழுகையுமாக, முகமெல்லாம் சிவந்துபோய் நின்றார்கள். ஊரில் என்றால் அதோடு சிலையை ஆற்றில் விட்டுவிடுவார்களாம். இங்கே திரும்பப் பெட்டிக்குள் வைத்துப் போர்வையால் சுற்றினோம்.

மூடியின் ஆணிகளை முறுக்கும்போது தீதியின் மகள் சொன்னாள்: "மற்ற இடத்தில எல்லாம் இவ புருஷன் வீட்டுக்குப் போறா. இங்க அப்பாவின்ர கராஜுக்குப் போறா. டிவோர்ஸ் எடுத்திட்டா போல."

தீதி அவள் முதுகில் ஒரு அடி போட்டார்.

அப்படிச் சில வருடங்கள் போயின. வானும் நாங்களும் பூசையின் பங்காகிவிட்டோம். பிள்ளை படிப்பை முடித்து கோபன்ஹேகனிலேயே ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கிறிஸ்மஸுக்கு வராத வருடமும் உண்டு, பூசைக்கு வராத வருடம் இல்லை. தீதி ஆகஸ்ட் மாதத்திலேயே தேங்காய் துருவி உருண்டை பிடித்து ஃபிரீசரில் வைக்கத் தொடங்கிவிடுவார். மகளுக்குப் புதுச் சேலை அதற்கும் முன்னாலேயே ஊரிலிருந்து வந்துவிடும். பூசைக்குப் புது உடுப்பு இல்லாமல் ஒரு பிள்ளையும் இருக்கக்கூடாது என்பார். "அவளுக்குச் சேலை பிடிக்காதே," என்றால், "பிடிக்காட்டி என்ன, கட்டுவாள்," என்பார்.

மரங்கள் தளிர்விடுகிற ஒரு வசந்தகாலக் காலை. தீதி ஒரு மூதாட்டிக்குக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த அறையில் இருந்தேன். எங்கள் பொறுப்பாளர் நடைபாதையில் வேகமாக வந்தார். அவர் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. குளியலறைக் கதவைத் தட்டி, "உங்கள் கணவர் லைனில் இருக்கிறார்" என்றார். தீதி கையுறையோடு போனார். நான் உள்ளே போய் அந்த மூதாட்டியின் தலையில் இருந்த சோப்பு நுரையைக் கழுவினேன். தண்ணீர் சூடு சரியா என்று கேட்டுக்கொண்டே என் காதை நடைபாதையில் வைத்திருந்தேன்.  

பிள்ளை சைக்கிளில் வேலைக்குப் போயிருக்கிறாள். பச்சை விளக்கு. அவள் நேராகப் போக, பக்கத்தில் நின்ற லொறி வலது பக்கம் திரும்பியது. சாரதி அவளைக் காணவில்லை.

அண்ணையால் கார் ஓட்ட முடியவில்லை. என் கணவர் வேலையிலிருந்து வந்து அவர்கள் காரைக் கோபன்ஹேகனுக்கு ஓட்டினார். நான் பின் சீட்டில் தீதியோடு. பெரிய பாலத்தில் ஏறியபோது கடல் இரண்டு பக்கமும் பளபளவென்று இருந்தது. தீதி தன் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். வேலைச் சட்டையோடு வந்துவிட்டிருந்தார்.

"இதைப் போட்டுக்கொண்டு எப்பிடி அவளிட்டப் போறது? அவள் ஏசுவாள்," என்றார்.

நான் என் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அதைப் போட்டுக் கழுத்துவரை பட்டன் பூட்டிக்கொண்டார். 

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே பிள்ளை போய்விட்டாள். தாதி ஒருவர் அவளுடைய தலைமுடியை வாரி ஒரு பக்கமாகப் போட்டிருந்தார். முகத்தில் ஒரு சின்னக் காயம்தான். தீதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வைக்கு வெளியே தெரிந்த கால்களை மூடிவிட்டார். அண்ணை உட்காரவில்லை. அங்கே வந்த பொலிஸ்காரரிடம் லொறியின் கண்ணாடி எந்த உயரத்தில் இருந்தது, எந்தக் கோணத்தில் திருப்பியிருந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பொலிஸ்காரர் பொறுமையாகப் பதில் சொன்னார். அண்ணை கையால் காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டி, "இந்த இடத்தில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்" என்றார். தீதி திரும்பிப் பார்க்காமலே வங்காளத்தில் ஒரு சொல் சொன்னார். அண்ணை நிறுத்தினார். பிறகு சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் இருந்துவிட்டார்.

எரித்த பிறகு, அனுமதி எடுத்து, ஒரு மீன்பிடிப் படகில் ஃபியோர்ட் எனப்படும் கடல்வாயைத் தாண்டிக் கடலுக்குப் போய்ச் சாம்பலைக் கரைத்தார்கள். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். காற்று இல்லாத நாள். சாம்பல் உடனே தாழவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீரின் மேலே ஒரு பாய் விரித்ததுபோலக் கிடந்தது. தீதி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அம்மனைத் தண்ணியில விட வேணும், பிள்ளையை வீட்டில வைச்சிருக்க வேணும். நாங்கள் எல்லாத்தையும் மாறிச் செய்து போட்டம்."

 படகோட்டி எஞ்சினை நிறுத்தியே வைத்திருந்தார்.

அந்த ஞாயிறு தேவாலயத்தில் மாதாவுக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன்.

கோடைக்குப் பிறகு தீதி பாதி நேர வேலைக்குத் திரும்பி வந்தார். எங்கள் இல்லத்தில் மறதி நோய் உள்ள ஒரு மூதாட்டி இருந்தார். தீதியைக் கண்டால் எப்போதும் மகளைப் பற்றித்தான் கேட்பார், ஏனென்றால் முன்பு தீதி அவரிடம் மகளைப் பற்றியே பேசுவார். திரும்பி வந்த முதல் நாளே கேட்டார். "உன் மகள் எப்படி இருக்கிறாள்?" நான் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டுக் குறுக்கே போகப் பார்த்தேன்.

"சுகமா இருக்கிறாள்," என்றார் தீதி. "அக்டோபரில வருவாள்."

மூதாட்டி சந்தோஷமாகத் தலையாட்டினார். அடுத்த நாளும் கேட்டார். தீதி அதே பதிலைச் சொன்னார். ஒருநாள் கைகழுவும் இடத்தில் வைத்துக் கேட்டேன், ஏன் தீதி இப்படி என்று. "அவவுக்கு ஒருத்தருக்காவது அவள் உயிரோட இருக்கட்டும்," என்றார். அதன்பிறகு அந்த அறைக்கு நானும் அவருமாகப் போகவேண்டி வந்தால், ஜன்னலைத் திறக்கிற சாட்டில் நான் மறுபக்கம் திரும்பி நின்றுகொள்வேன்.

செப்டம்பரில் பூசைக் குழுவில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். தீதி என்னையும் வரச் சொல்லியிருந்தார். இந்த வருடம் நீங்கள் ஒன்றுக்கும் அலையவேண்டாம், அம்மனை வேறு ஒரு வீட்டுக்குக் கொண்டுபோகிறோம், விரும்பினால் பூசையையே சின்னதாகச் செய்கிறோம் என்று தலைகுனிந்தபடி சொன்னார்கள். அண்ணை உடனே சரி என்றார். அவர் வசந்தகாலத்திலிருந்து கராஜைத் திறந்ததே இல்லை. கார் தெருவில்தான் நின்றது.

தீதி தேநீர்க் கோப்பைகளை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார். "பூசை எப்பவும் போல நடக்கும். அவ இந்த வீட்டில இருந்துதான் வெளிக்கிடுவா."

பூசைக்கு முந்தின நாள் நானும் தீதியும் பெட்டியைத் திறந்தோம். ஈரப் பஞ்சால் அம்மனின் முகத்தையும் கைகளையும் துடைத்தோம். விரல் இடுக்குகளில் இருந்த தூசியைத் தீதி நிதானமாக எடுத்தார். முதியோரைக் குளிப்பாட்டும்போது விரல் விரலாகத் துடைக்கிற அதே கை. அந்த நேரம் குழுவில் ஒரு பெண் வந்தார். நல்ல மனத்தோடுதான் சொன்னார்: மகளுக்கென்று வாங்கிய சேலை வீட்டில் இருக்குமே, அதை இந்த முறை அம்மனுக்குச் சாத்தினால் பிள்ளைக்குச் சேர்ந்த மாதிரி.

தீதி அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இருவருக்கும் வங்காளம் தெரிந்தும் அவர் டேனிஷில் சொன்னார், எனக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ.

"அது அவளின்ர சேலை. இவவுக்கு ஏன் குடுக்க வேணும்? இவவுக்கு என்ன குறை? இவ ஒவ்வொரு வருசமும் வருவா."

அந்தப் பெண் அழுதுகொண்டு போய்விட்டார். தீதி அம்மனின் கழுத்தைத் துடைத்து முடித்தார். குழு வாங்கிய சிவப்புக்கரை வைத்த வெள்ளைச் சேலையை மடிப்பெடுத்துக் கட்டி, ஊசி குத்தினார்.

மூன்று நாளும் தீதி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்துப் பெரிய சட்டிகளில் படையல் சாதம் கிண்டினார். நான் உருளைக்கிழங்கு வெட்டினேன், கத்தரிக்காய் பொரித்தேன். ஹாலில் மேளச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டார். அண்ணை உள்ளேயே வரவில்லை. கார் நிறுத்துமிடத்தில், தன் காருக்குள், கதவை மூடிக்கொண்டு இருந்தார். என் கணவர் இடைக்கிடை போய்ப் பக்கத்துச் சீட்டில் இருந்துவிட்டு வருவார்.

"என்ன கதைச்சீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் கதைக்கேல்லை. ரேடியோவில காலநிலை கேட்டனாங்கள்," என்றார்.

அந்த வருடம் புகைச் சட்டி எடுத்து ஆட யாரும் முன்வரவில்லை. சட்டிகள் சமையலறை அலுமாரிக்கு மேலேயே இருந்தன.

ஞாயிறு மத்தியானம் பெண்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். வழக்கமாக முதலில் ஏறுகிறவர் தீதி. கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் தொடங்கவும் பயம்.  நான் சமையலறைக் கதவில் நின்று, "தீதி, அவை பார்த்துக்கொண்டு நிக்கினம்," என்றேன். "வராட்டிப் பரவாயில்லை. நான் போய்ச் சொல்லுறன்."

அவர் கையைத் துடைத்தார். சமையல் ஏப்ரனோடேயே ஹாலுக்குள் நடந்து போனார். வெற்றிலைத் தட்டை என் கையில் தந்துவிட்டு ஸ்டூலில் ஏறினார். அம்மனின் இரண்டு கன்னங்களையும் வெற்றிலையால் துடைத்தார். கண்ணுக்குக் கீழே, மூக்கின் ஓரம், நாடி எல்லாம் துடைத்தார். அவ்வளவு நேரம் யாரும் துடைப்பதில்லை. இனிப்பை எடுத்து அவள் வாயில் வைத்தார். குங்குமம் இட்டார். இனிக் காதில் சொல்ல வேண்டும். எல்லோரும் காத்திருந்தோம்.

தீதி சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். வயதான ஒரு பெண் கீழே நின்று ஏதோ மெதுவாக எடுத்துக் கொடுத்தார், சொல்லு என்பதுபோல. தீதி வங்காளத்தில், ஹால் முழுவதும் கேட்கிற குரலில் ஒரு வசனம் சொன்னார். பக்கத்தில் நின்றவரிடம் என்னவென்று கேட்டேன்.  அவர் சொன்னார்: 'நான் கூப்பிட மாட்டேன். வருவதென்றால் நீயாக வா.'

கீழே இறங்கினார். பெண்கள் குங்குமத் தட்டோடு அப்படியே நின்றார்கள். எப்படித் தொடங்குவார்கள்? தீதி எல்லோருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்தார். அந்த வருடம்தான் கல்யாணமாகி டென்மார்க் வந்திருந்த ஒரு சின்னப் பெண் முன்வரிசையில் விம்மிக்கொண்டு நின்றாள். தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்து அவள் வகிட்டில் வைத்தார். இரண்டு கன்னத்திலும் பூசினார். "உனக்கு முதல் பூசை. அழக்கூடாது," என்றார். பிறகு மற்றவர்களிடம், "தொடங்குங்கோ," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினார்.

நான் பின்னால் போனேன். அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்கத் தொடங்கியிருந்தார். கொஞ்ச நேரத்தில் பின்கதவு திறந்தது. அண்ணை உள்ளே வந்தார்.  ஆணியில் தொங்கிய துவாயை எடுத்து, கழுவி வைத்த சட்டிகளைத் துடைத்து அடுக்கத் தொடங்கினார். இருவரும் அப்படியே எல்லாச் சட்டியையும் முடித்தார்கள். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

அதற்குப் பிறகு பெட்டி அந்தக் கராஜுக்குத் திரும்பவில்லை. அண்ணை கேட்டுக்கொண்டபடி இக்காஸ்ட் ஊர்ப் பக்கம் ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டது. கராஜில் இப்போது கார் நிற்கிறது. அண்ணை ஓய்வு பெற்றதும் கல்கத்தாவுக்கே போய்விடுவோம் என்றார். தீதி மாட்டேன் என்றார். "அவள் இந்தத் தண்ணியிலதானே இருக்கிறாள். நான் எங்க போறது?" இதற்காக அவர்கள் சண்டை பிடித்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு வருடமும் பூசைக்கு முன்னால் அண்ணை தனியாகப் போகிறார், குளிர் முடியும்போது திரும்பி வருகிறார். அவருக்கு அந்தக் கூட்டம், அந்தச் சத்தம், தெருவெல்லாம் விளக்கு வேண்டும். தீதிக்கு வேண்டாம். இங்கே வெள்ளியும் சனியும் ஹால் சமையலறையில் நின்று சமைப்பார். ஞாயிற்றுக்கிழமை போகமாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

என் மகள் ஓர்ஹுஸ் நகரத்தில் இருக்கிறாள். சனிக்கிழமை வருகிறேன் என்று போன் பண்ணினால் நான் இரண்டு நாளைக்குச் சமைக்கிறேன். இவ்வளவு எதற்கு என்று டேனிஷில் சண்டை போடுவாள். முன்பென்றால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன். இப்போது அவள் சப்பாத்தைப் போட்டுக் கதவைத் திறக்கும்வரை எழும்பி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து சைக்கிளில் வந்தாயா என்று கேட்பதில்லை. ஜன்னலால் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

போன வருடம் இங்கே பூசை முடிகிற ஞாயிறும் பஞ்சாங்கத்துக் கடைசி நாளும் ஒன்றாக வந்தன. தீதி எங்கள் சமையலறை மேசையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வெளியே நல்ல மழை. அவருடைய போன் அடித்தது. அண்ணை கல்கத்தாவில் ஆற்றங்கரையில் நின்றார். போனைத் தூக்கிப் பிடித்திருந்தார் போல. மேளமும் சங்கும் ஆட்களின் கத்தலும் எங்கள் சமையலறைக்குள் வந்து விழுந்தன. தீதி போனை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீரில் ஏதோ பெரிதாக விழுகிற சத்தம். ஆட்கள் ஒன்றாகக் கத்தினார்கள். பிறகு அண்ணையின் குரல் வந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார் என்பது மொழி தெரியாத எனக்கும் விளங்கியது.

தீதி போனைக் கையில் எடுத்து மெதுவாக ஏதோ சொன்னார். போனை வைத்த பிறகு அவராகவே சொன்னார்.

"ஈரத்தோட நிக்காதேங்கோ, வீட்டை போய்க் குளிச்சிட்டுச் சாப்பிடுங்கோ எண்டனான்."

அன்று அவருக்குப் பின்னேர வேலை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, மழைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். நான் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். இல்லத்து வாசலில் இறங்கி, சட்டைத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், சக்கர நாற்காலியில் இருந்த யாரோ ஒருவருக்குக் குனிந்து வணக்கம் சொல்வது தெரிந்தது.